கீமோ நாட்களில் பொறுமை வேண்டாம்

(நாமக்கல்லில் மகளிர் குழுவினர் கூடிய கூட்டத்தில், புற்றுநோய்ப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை)

ராசிபுரம், சேந்தமங்கலம், மோகனூர், பரமத்தி என்று பல ஊர்களிலிருந்து வந்திருக்கிறீர்கள். மார்பகப் புற்றுநோயை ஆரம்பத்திலேயே எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்வதற்குப் பலர் இருக்கிறார்கள். முகாம் நடக்கிறது, சுவரொட்டி ஒட்டுகிறார்கள். கண்டுபிடித்த பிறகு கீமோ என்ற மருந்து உடம்புக்குள் போகிறதே, அந்த ஐந்தாறு மாதங்களை வீட்டில் எப்படிக் கடப்பது என்று சொல்லத்தான் ஆளில்லை. நான் அதைப் பேச வந்திருக்கிறேன்.

வார்டில் ஒவ்வொரு சுற்றுக்கும் வரும் பெண்ணிடம் முதலில் கேட்பது, போன ஊசிக்குப் பிறகு எப்படி இருந்தது என்பதுதான். "பரவாயில்லைங்க சிஸ்டர்" என்று பதில் வரும். பக்கத்தில் நிற்கும் மகளோ மருமகளோ மெதுவாகச் சொல்வார், "நாலு நாளாப் பச்சத்தண்ணி கூட உள்ள போகலீங்க." ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் காரணங்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். சொன்னால் டாக்டர் ஊசியை நிறுத்திவிடுவார் என்ற பயம். இன்னொரு மாத்திரை எழுதினால் வீட்டுக்குச் செலவு என்ற கவலை. பிரசவ வலியையே பொறுத்தவர்களுக்கு இது என்ன பெரிது என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் பேச்சு. களத்து மேட்டிலும் தறிக்கூடத்திலும் நின்று பழகிய பெண்களுக்கு வலியை வெளியே காட்டாமல் இருப்பது ஒரு மானமாகவே ஆகிவிட்டது. அந்த மானத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கீமோ நடக்கும் மாதங்களில் அது ஆளைக் கொல்லும். நான் இன்று சொல்வதில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: இந்தச் சிகிச்சையில் பக்கவிளைவைச் சொல்வதும் மருந்து சாப்பிடுவதைப் போலச் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பயம் பாதி குறையும். மார்பகப் புற்றுக்கு நம் பக்கம் அதிகம் கொடுப்பது இரண்டு மருந்துகள் சேர்ந்த கூட்டு. ஒன்று டாக்சோரூபிசின், நீங்கள் சிவப்பு ஊசி என்று சொல்வது. இத்தாலி நாட்டு மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து வந்தது. இதைப் போட்ட ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும். அது ரத்தம் அல்ல, மருந்தின் நிறம். மற்றொன்று சைக்ளோபாஸ்பமைட். இதன் முன்னோடி ஒரு போர் ஆயுதம். முதல் உலகப் போரில் கடுகு வாயு பட்டு இறந்த சிப்பாய்களின் உடலை ஆராய்ந்தபோது ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அழிந்திருப்பதைக் கண்டார்கள். அப்படியானால் வெள்ளை அணுக்களில் வரும் புற்றை இந்த வகை ரசாயனம் அழிக்குமா என்று கேட்டு 1942இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தார்கள். கீமோ மருத்துவம் அங்கிருந்து வளர்ந்தது. வெள்ளை அணு குறைவதை நாம் பக்கவிளைவு என்கிறோம். அந்தக் குறைவைப் பார்த்துத்தான் மருந்தையே கண்டுபிடித்தார்கள். அதனால் அணு குறைந்தால் உங்கள் உடம்பு பலவீனமானது என்றோ, நீங்கள் ஏதோ தப்புச் செய்துவிட்டீர்கள் என்றோ நினைக்க வேண்டாம்.

வேகமாகப் பெருகும் செல்களை இந்த மருந்துகள் தாக்குகின்றன. களைக்கொல்லி அடித்தால் பக்கத்துப் பயிரின் இளங்குருத்தும் கருகுவதைப் பார்த்திருப்பீர்கள், அதுபோல. எலும்பு மஜ்ஜையில் ரத்த அணு தினமும் புதிதாகப் பிறக்கிறது. வாயின் உள்தோல், குடலின் உள்தோல், முடியின் வேர் எல்லாமே வேகமாக வளர்பவை. அடி அங்கெல்லாம் விழுகிறது. குருத்து மறுபடி வரும். வருவதற்குள் இருக்கிற இடைவெளியில்தான் கவனம் வேண்டும்.

அந்த இடைவெளியில் மிக மோசமானது காய்ச்சல். இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக் கேளுங்கள். ஊசி போட்ட நாளிலிருந்து 7ஆம் நாள் முதல் 14ஆம் நாள் வரை வெள்ளை அணு அடிமட்டத்துக்குப் போகும். நம் வாயில், குடலில், தோலில் எப்போதும் கிருமிகள் இருக்கின்றன. அவற்றைக் கட்டுக்குள் வைத்திருப்பது வெள்ளை அணு. அது இல்லாத நேரத்தில் கிருமி ரத்தத்தில் ஏறினால் சில மணி நேரத்தில் ரத்த அழுத்தம் விழுந்துவிடும். சாதாரண நாளில் புண் வந்தால் சீழ் கட்டும், சளி பிடித்தால் கோழை வரும். சீழும் கோழையும் உண்டாக வெள்ளை அணு வேண்டும். அது இல்லாதபோது வெளியே ஒன்றுமே தெரியாது. லேசாக உடம்பு சுடும், ஒரு குளிர் நடுக்கம் வரும், அவ்வளவுதான். அந்த "அவ்வளவுதான்" ஒரு உயிருக்கு ஆபத்தான நிலை.

ஆகவே வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது போதாது. 100.4 டிகிரியைத் தொட்டால் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். காலை வரை பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. இரவு 2 மணி என்றாலும் கிளம்புங்கள், வண்டி இல்லையென்றால் 108. காய்ச்சலைப் பார்த்தவுடன் கடையில் பாரசிட்டமால் வாங்கிப் போட்டு அமுக்கிவிடாதீர்கள். சூடு குறைந்ததும் சரியாகிவிட்டது என்று படுத்துவிடுவோம், கிருமி உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். இன்னொன்றும் நம் ஊரில் நடக்கிறது. தெருமுனை கிளினிக்கில் ஒரு ஊசி போட்டுக்கொண்டு வந்துவிடுவது. வலி மருந்தும் ஸ்டீராய்டும் கலந்த அந்த ஊசி காய்ச்சலை மறைக்கும், நோயைத் தீர்க்காது. உங்களுக்கு வேண்டியது ரத்தப் பரிசோதனையும், மருத்துவமனையில் கால் வைத்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஏறும் ஆன்டிபயாட்டிக்கும். அவசரப் பிரிவில் நுழைந்ததும் பெயரைச் சொல்வதற்கு முன், "கீமோ போட்டிருக்கு, பத்தாவது நாள், காய்ச்சல்" என்று சொல்லுங்கள். அங்கே இருக்கும் இளம் மருத்துவருக்கு அந்த வார்த்தைகள் போதும். கீமோ நோட்டு எப்போதும் ஒரே பையில் இருக்கட்டும்.

ஒருமுறை அப்படி ஆனால் அடுத்த சுற்றிலிருந்து, ஊசி போட்ட மறுநாள் வெள்ளை அணுவைத் தூண்டும் ஃபில்கிராஸ்டிம் வகை ஊசி கொடுப்பார்கள். போட்டால் இடுப்பு எலும்பும் முதுகெலும்பும் குடைவது போல வலிக்கும். மஜ்ஜை வேலை செய்கிறது என்பதன் வலி அது. அதையும் சொல்லுங்கள், அதற்கும் மாத்திரை இருக்கிறது.

அந்த இரண்டாவது வாரத்தில் நம் வீட்டு வேலைகளில் சிலவற்றை வேறொருவர் செய்ய வேண்டும். காலையில் சாணி கரைத்து வாசல் தெளிப்பது, மாட்டுக் கட்டுத்தரையைக் கூட்டுவது, கோழிப்பண்ணை ஷெட்டுக்குள் முட்டை பொறுக்கப் போவது. நாமக்கல் வட்டாரத்தில் பண்ணை வேலையை நம்பித்தான் எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். எச்சத் தூசியிலும் பழைய தீவனத்திலும் பூஞ்சை இருக்கும். அணு இல்லாத உடம்புக்குள் அது நுரையீரலில் போய்த் தங்கும். பண்ணைக்காரரிடம் பேசி அந்த வாரத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். மேற்பார்வை, கணக்கு எழுதும் வேலை ஏதாவது கிடைத்தால் கேட்டுப் பாருங்கள்.

அடுத்து வாந்தி. சிவப்பு ஊசிக் கூட்டு கடுமையாகக் குமட்டும் வகை என்பது மருத்துவர்களுக்கு முன்பே தெரியும். அதனால்தான் ஊசிக்கு முன்னாலேயே மூன்று நான்கு மருந்துகள் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அதில் ஓலான்சபைன் என்று ஒரு மாத்திரை. இதை மருந்துக்கடையில் காட்டினால், "இது மனநோய்க்குக் கொடுக்கிற மாத்திரையாச்சே" என்று சொல்லிவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்து, எனக்கென்ன பைத்தியமா என்று தூக்கி எறிந்துவிட்டு மூன்று நாள் வாந்தி எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மனநலத்துக்கும் அதைக் கொடுக்கிறார்கள், உண்மைதான். மூளையில் குமட்டலைத் தூண்டும் இடத்தையும் அது அடக்குகிறது. தூக்கம் தூக்கமாக வருகிறது என்பதும் உண்மை. வழக்கமாகக் கொடுக்கும் 10 மில்லிகிராமுக்குப் பதிலாக 2.5 மில்லிகிராமே வாந்தியைத் தடுக்கப் போதும், பகல் தூக்கமும் குறைவு என்று மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் நடந்த ஆய்வு 2024இல் வெளிவந்தது. ஆகவே மாத்திரை அசத்துகிறது என்றால் எறியாதீர்கள், அளவைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். வாந்தி வந்தபின் மாத்திரை தேடுவதும் வீண். வருவதற்கு முன் போட வேண்டிய மாத்திரைகள் இவை. ஒரு நாளைக்குப் பல முறை வாந்தி எடுத்து, தண்ணீரும் தங்காமல், சிறுநீர் கடுத்து மஞ்சளாகப் போனால் டிரிப்ஸ் ஏற்ற வேண்டும். நம் பங்குனி சித்திரை வெயிலில் இந்த நிலை ஒரே நாளில் வந்துவிடும்.

குமட்டலைப் பற்றி ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. கடுகும் வெங்காயமும் தாளிக்கும் வாசத்திலேயே இவர்களுக்குப் புரட்டிக்கொண்டு வரும். சமைப்பவரும் நோயாளியும் ஒரே ஆளாக இருப்பதுதான் நம் வீடுகளின் நிலைமை. ஊசி போட்ட முதல் ஐந்து நாள் அடுப்பை வேறு யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். கணவருக்குச் சோறு வடிக்கத் தெரியாது என்பதை நான் ஒரு காரணமாக ஏற்றுக்கொள்ள மாட்டேன். ஐந்து நாளில் கற்றுக்கொள்ளலாம். சூடாக ஆவி பறக்கும் சாப்பாட்டைவிட ஆறிய சாப்பாட்டில் வாசம் குறைவு, அது உள்ளே போகும்.

சாப்பாடு என்றதும் எனக்குக் கோபம் வருகிற இடத்துக்கு வந்துவிட்டேன். பத்தியம். முட்டை சூடு, கறி ஆகாது, தயிர் சளி, சர்க்கரை தின்றால் புற்று வளரும் என்று ஆளாளுக்கு ஒன்றை விலக்கிக் கடைசியில் வெறும் கஞ்சியில் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். இடிந்த செல்களை உடம்பு மறுபடி கட்டுவதற்குப் புரதம் வேண்டும். ஒரு கிலோ எடைக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல், முடிந்தால் அதற்கு மேலும். ஐம்பது கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 50 கிராம் என்பது குறைந்தபட்சம். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் இருக்கிறது. நாடெங்கும் முட்டை அனுப்புகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, மாதக்கணக்கில் முட்டையைத் தொடாமல் மெலிந்துபோகிறார்கள். வேகவைத்த முட்டை, பருப்பு, பச்சைப்பயறு, நன்றாக வெந்த கோழிக்கறி, மீன் எது இறங்குகிறதோ அது. ஆனால் வேகாத முட்டை வேண்டாம். வயசுக்கு வந்த பெண்ணுக்கு நல்லெண்ணெயோடு பச்சை முட்டை கொடுத்துப் பழகிய குடும்பங்கள், தெம்பு வரட்டும் என்று கீமோ போட்டவருக்கும் அதையே கொடுக்கிறார்கள். ஆஃப்பாயிலும் அப்படித்தான். அதில் கிருமி இருந்தால் அணு குறைந்த உடம்பு தாங்காது. அந்த மாதங்களில் அன்றன்று சமைத்ததை, மஞ்சள் கரு கெட்டியாகும்வரை வெந்ததைக் கொடுங்கள்.

வாய்ப்புண் வந்துவிட்டால் இதெல்லாம் பேசிப் பயனில்லை. எச்சில் விழுங்குவதே நெருப்பாக இருக்கும். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் தேக்கரண்டி உப்பும் கால் தேக்கரண்டி சமையல் சோடாவும் கலந்து, சாப்பிட்ட பிறகும் படுக்கும் முன்பும் கொப்பளித்துத் துப்புங்கள். புண் வந்த பிறகு ஆரம்பிப்பதைவிட முதல் நாளிலிருந்தே செய்வது நல்லது. டிவியில் காட்டுகிற காரமான மவுத்வாஷ் வேண்டாம், எரியும். மென்மையான பிரஷ், காரமில்லாத சாப்பாடு. ஜவ்வரிசிக் கஞ்சி வழுக்கிக்கொண்டு இறங்கும், சேலத்துக்காரர்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஜவ்வரிசி வெறும் மாவுச்சத்து. பாலில் காய்ச்சுங்கள், பருப்புத் தண்ணீரை வேறாகக் கொடுங்கள். நாக்கில் வெள்ளையாகத் திட்டுத் திட்டாகப் படிந்தால் அது பூஞ்சை, அதற்கு மருந்து தனி. குடிக்கவே முடியவில்லை என்றால் அன்றே வந்துவிட வேண்டும்.

வயிற்றுப்போக்கும் மலச்சிக்கலும் மாறி மாறி வரும். வாந்தி மாத்திரையே சிலருக்கு மலத்தை இறுக்கும். மலச்சிக்கலுக்கு நீங்களாக எனிமா எடுக்காதீர்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள், ஊசியோடு கொடுக்கும் ஸ்டீராய்டில் சர்க்கரை ஏறும் என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மூச்சு வாங்கினால், கால் வீங்கினால் சொல்லுங்கள். சிவப்பு மருந்து இதயத்தைத் தொடக்கூடியது, அதற்காகத்தான் முதலிலேயே எக்கோ எடுக்கிறார்கள். ஊசி ஏறும்போது அந்த இடத்தில் சுருக்கென்று எரிந்தால் சிஸ்டரை உடனே கூப்பிடுங்கள். தொந்தரவு கொடுக்கிறோமே என்று நினைக்க வேண்டாம். அந்த மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் தோலும் சதையும் புண்ணாகிப்போகும்.

முடி. இரண்டு மூன்று வாரத்தில் கொத்துக் கொத்தாகக் கையில் வரும். உயிர் பிழைத்தால் போதாதா, முடிக்குப் போய் அழுகிறாயே என்று சொல்லும் உறவினர்களை நான் நிறையப் பார்த்தேன். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். தலையில் பூ வைக்க முடியாத ஒரு சுமங்கலி, சொந்தத் தங்கையின் கல்யாணத்துக்குக் கூடப் போகாமல் வீட்டில் இருந்துகொள்வது எதனால் என்று நம் எல்லோருக்கும் தெரியும். முகம் பார்த்து யாரும் சொல்லாவிட்டாலும் அந்தப் பார்வையை அவர் உணர்கிறார். பழனிக்கு மொட்டை போட்டேன், சமயபுரத்துக்கு வேண்டுதல் என்று சொல்லிச் சமாளிக்கிறவர்கள் உண்டு. அது அவர்களுக்கு ஆறுதல் என்றால் இருக்கட்டும். கொட்டத் தொடங்குவதற்கு முன்பே குட்டையாக வெட்டிக்கொண்டால் அதிர்ச்சி குறைகிறது. நம் வெயிலுக்குச் செயற்கை விக் அரிக்கும்; மெல்லிய பருத்தித் துணியே சுகம். மருந்து முடிந்து சில மாதங்களில் முடி வரும். முதலில் சுருட்டையாகக் கூட வரும். நடிகை கௌதமி தனக்கு வந்த மார்பகப் புற்றுநோயைப் பற்றி வெளிப்படையாகப் பேசியபோது என் வார்டில் பல பெண்கள் அதைத் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். மறைக்காமல் ஒருவர் பேசினால் பலருக்குத் தெம்பு வருகிறது.

பிறகு இரண்டாம் கட்டத்தில் பேக்ளிடேக்சல் என்ற மருந்து வரும், பெரும்பாலும் வாரம் ஒன்றாக 12 வாரம். வாந்தி குறைந்துவிட்டதே என்று நிம்மதியாக இருக்கும்போது விரல் நுனியும் பாதமும் மரத்துப்போகத் தொடங்கும். டம்ளர் கை நழுவும், ஜாக்கெட் ஊக்கு மாட்ட முடியாது. இது நம் மாவட்டங்களில் பிழைப்பைத் தொடுகிற விஷயம். சிவதாபுரத்தில் கொலுசுக்குச் சின்னச் சின்ன வளையங்களைப் பற்றவைக்கும் பெண்ணுக்கு, இளம்பிள்ளையில் தறியில் அறுந்த இழையைப் பிணைக்கும் பெண்ணுக்கு விரல் நுனிதான் சம்பளம். ஆறாவது வாரத்தில் மரத்துப்போனதைப் பன்னிரண்டாவது வாரம் வரை சொல்லாமல் இருந்தால், சிலருக்கு அது வருடக்கணக்கில் போகாது. முன்பே சொன்னால் மருத்துவர் அளவைக் குறைப்பார், இடைவெளி விடுவார், மருந்தை மாற்றவும் செய்வார். நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை முதல் நாளே அவரிடம் சொல்லுங்கள், அவர் கேட்காவிட்டாலும். மருந்து ஏறும் நேரத்தில் கையிலும் காலிலும் குளிர்ந்த உறை போட்டுவிடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது, அது உண்டா என்று கேளுங்கள். எரிச்சலும் வலியும் இருந்தால் டுலாக்சிடின் என்ற மாத்திரை பலருக்குக் கேட்கிறது. வீட்டில் செருப்புப் போடாமல் நடக்க வேண்டாம், சூடு தெரியாது. கொதிக்கும் பாத்திரத்தைத் துணியில்லாமல் தொட வேண்டாம்.

கொல்லிமலை நமக்கு அருகில் இருப்பதால் மூலிகை பற்றிப் பேசாமல் போக முடியாது. மலைக்குப் போய் வேரும் பொடியும் வாங்கி வருகிறவர்களை நான் திட்டுவதில்லை. நம்பிக்கையைக் கையில் பிடித்துக்கொள்ள எல்லோருக்கும் ஏதாவது வேண்டியிருக்கிறது. செடியிலிருந்து புற்று மருந்து வராது என்றும் சொல்ல மாட்டேன். நித்தியகல்யாணியிலிருந்து வின்கிறிஸ்டின் வந்தது, பேக்ளிடேக்சலே ஒரு மரத்தின் பட்டையிலிருந்து வந்ததுதான். ஆனால் கீமோ மருந்தை உடைத்து வெளியேற்றுவது கல்லீரல். பெயர் தெரியாத பொடியும் அதே கல்லீரலுக்குப் போனால் இரண்டில் எது என்ன செய்தது என்று யாருக்கும் தெரியாமல் போகும். சாப்பிடுவதாக இருந்தால் பொட்டலத்தைக் கொண்டுவந்து மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் கோபப்பட்டாலும் பரவாயில்லை, காட்டுங்கள்.

மனசு. ஊசி வார்டில் யாரும் கேட்காத கேள்வி அது. தூக்கமின்மை, எரிச்சல், எதற்கு இந்தப் பிழைப்பு என்ற எண்ணம் எல்லாம் வரும். அந்த எண்ணம் விடாமல் வந்தால் அதுவும் காய்ச்சலைப் போல உடனே சொல்ல வேண்டியது. 14416 என்ற மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

முன்பெல்லாம் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு ரயிலேறிச் சென்னைக்குப் போக வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவர் பாடுபட்டு 1954இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியபோது அதில் 12 படுக்கைகள்தான். அவர் சென்னைச் சட்டசபையில் இருந்த காலத்தில் முதல் மந்திரியாக இருந்த சுப்பராயன், இங்கே திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் குமாரமங்கலத்து ஜமீன்தார். அவர் மகன் மோகன் குமாரமங்கலத்தின் பெயரில்தான் இன்று சேலத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, அங்கே புற்றுநோய்க்குத் தனிப் பிரிவு இருக்கிறது. நாமக்கல்லிலும் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. நடுராத்திரிக் காய்ச்சலுக்கு எங்கே போவது என்ற கேள்விக்கு இப்போது பக்கத்திலேயே பதில் இருக்கிறது. கீமோ எங்கே போட்டாலும், காய்ச்சல் வந்தால் உங்கள் ஊரிலிருந்து எந்த மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று முதல் ஊசியன்றே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

செலவைப் பற்றி. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் கீமோ வருகிறது. பக்கவிளைவுக்குப் படுக்க நேர்ந்தால் எது எது அதில் சேரும் என்று மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் முன்கூட்டியே கேளுங்கள், அவசரத்தில் கேட்டால் பதில் சரியாக வராது. வெளியூர் சிகிச்சைக்கு ரயிலில் போகிறவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு, மருத்துவமனையில் அதற்கான சான்று வாங்க வேண்டும். வீட்டுக்கே வரும் மக்களைத் தேடி மருத்துவம் பணியாளரிடம் உங்கள் வீட்டில் கீமோ நடக்கிறது என்று சொல்லி வையுங்கள்.

நான் எழுதிக்கொண்டு வந்தது இவ்வளவுதான். இனி நீங்கள் கேளுங்கள். எல்லோர் முன்னாலும் கேட்கக் கூச்சமாக இருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் தனியாக வரலாம். கடைசிப் பேருந்து போகும்வரை நான் இங்கேதான் இருப்பேன்.